பேரம் நீண்டுபோன நேரம்: ‘மதர் கரேஜ்’ மேடையேற்றங்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

1941 ஏப்ரல் 19 அன்று சூரிச் நகரின் ஷௌஷ்பீல்ஹௌஸ் அரங்கில் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் ‘மதர் கரேஜ்’ நாடகம் முதன்முதலாக மேடையேறியது. எழுதியவர் அங்கே இல்லை. 1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். டென்மார்க், ஸ்வீடன் என்று இடம் மாறி, அப்போது பின்லாந்தில் அமெரிக்க விசாவுக்காகக் காத்திருந்தார். லியோபோல்ட் லிண்ட்பெர்க் இயக்கினார், தேயோ ஓட்டோ அரங்கம் அமைத்தார், தெரேசே கீஸே கரேஜாக நடித்தார். நாஜிகளிடமிருந்து தப்பிவந்த பல நடிகர்களுக்கு அடைக்கலம் தந்த மேடை அது. நாடகம் நல்ல வரவேற்பைப் பெற்றது. பார்த்தவர்கள் உருகினார்கள்.

அந்த உருக்கம்தான் பிரெக்ட்டை உறுத்தியது. பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்துக் கல்லாய்ச் சமைந்த கிரேக்கப் புராணத் தாய் நியோபியோடு கரேஜை ஒப்பிட்டுப் பத்திரிகைகள் எழுதின. தாய்மையின் அழியாத உயிராற்றல் என்று புகழ்ந்தன. போரை வைத்துப் பிழைக்கும் ஒரு வியாபாரி தன் மூன்று பிள்ளைகளையும் அதே போருக்குக் காவு கொடுக்கிறாள் என்பதைக் காட்டத்தான் அவர் எழுதினார். பார்வையாளர் கண்டதோ விதியிடம் தோற்ற ஒரு தாயை.

பார்ப்பவரை யோசித்துத் தீர்ப்புச் சொல்லவைக்க பிரெக்ட் முன்வைத்த காவிய அரங்கு பற்றிப் பேசும்போது இந்தச் சம்பவத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம். காவிய அரங்கு என்றதும் நாம் அடுக்கும் பட்டியல் உண்டு: காட்சித் தலைப்புகள், கதையை நிறுத்திவிட்டுப் பாடப்படும் பாடல்கள், தனித்தனியாக நிற்கும் காட்சிகள். இவையெல்லாம் சூரிச்சில் மேடையேறிய பிரதியிலேயே இருந்தன. இருந்தும் பார்வையாளர் வழக்கமான சோக நாடகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். அப்படியென்றால் காவிய அரங்கின் உயிர் அந்தப் பட்டியலில் இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து பெர்லினில் பிரெக்ட் தானே இதை மேடையேற்றியபோது எங்கெங்கே கை வைத்தார் என்று பார்த்தால், அது எங்கே இருக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

அதே கட்டடத்தில் இன்னொரு நாடகம்

பெர்லின் மேடையேற்றம் நடந்தது டாய்ச்சஸ் தியேட்டரில், 1949 ஜனவரி 11 அன்று. வாழ்க்கையை உள்ளபடியே மேடையில் காட்ட முயன்ற இயற்பண்புவாதத்தின் வரலாற்றிலும் இந்தக் கட்டடத்துக்கு முக்கியமான இடம் உண்டு. 1894 செப்டம்பர் 25 அன்று கெர்ஹார்ட் ஹௌப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ பொதுமக்களுக்காக மேடையேறியது இங்கேதான். 1844இல் சைலீஷியாவில் பசி தாங்காமல் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த கதை அது. கொதித்துப்போன ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அந்த அரங்கில் தமக்கென்று இருந்த தனி இருக்கைகளையே ரத்து செய்துவிட்டார்.

இயற்பண்புவாதத்தைச் சும்மா ‘பழைய பாணி’ என்று ஒதுக்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா இந்தப் போக்குக்குக் குரல் கொடுத்தபோது, மனிதரை அவருடைய சூழலோடும் பரம்பரையோடும் சேர்த்து ஓர் அறிவியலாளரின் கண்ணோடு மேடை ஆராய வேண்டும் என்றார். அன்றைய பாரிஸ் மேடையில் சீமான் வீட்டு வரவேற்பறையில் நடக்கும் கள்ளக்காதல் கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஏழையின் அடுப்பங்கரையைக் கொண்டுவந்தது பெரிய துணிச்சல். இயக்குநர் ஆந்த்ரே அந்துவான் 1887இல் தியாத்ர் லீப்ர் நாடகக் குழுவைத் தொடங்கினார். மறு ஆண்டே கசாப்புக்கடை நாடகம் ஒன்றில் நிஜ இறைச்சியை மேடையில் தொங்கவிட்டார். அதே 1888இல் ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க், சமையலறைச் சுவரில் பாத்திரங்களைத் துணியில் வரைந்து தொங்கவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ‘மிஸ் ஜூலி’ நாடகத்தின் முன்னுரையில் எழுதினார். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் நடிகர் வாழ வேண்டும். இருட்டில் அமர்ந்திருப்பவர்கள் அந்தச் சுவரின் ஊடாக எட்டிப் பார்க்க வேண்டும்.

‘நெசவாளர்க’ளின் கடைசிக் காட்சி இதன் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. கிளர்ச்சியில் சேர மறுக்கிறார் முதியவர் ஹில்ஸே. கடவுள் தன்னை உட்காரவைத்த இடத்திலேயே உட்காருவேன் என்று தறிக்குப் போகிறார். வெளியே துப்பாக்கிச் சத்தம். வழிதவறி வந்த ஒரு குண்டு ஜன்னல் வழியே பாய்ந்து அவரைத் தறிமேல் சாய்க்கிறது. பார்ப்பவருக்கு நெஞ்சு கனக்கும். ஆனால் அந்தக் குண்டை யார், எதற்காகச் சுட்டார்கள், ஹில்ஸே என்ன செய்திருந்தால் இது வேறு மாதிரி போயிருக்கும் என்ற கேள்விகளுக்கு மேடை இடம் வைக்கவில்லை. மழைபோல, பனிபோல அது வந்து விழுகிறது. சமூகம் மனிதரை நசுக்குவதை இயற்பண்புவாதம் நுட்பமாகக் காட்டியது. காட்டிய விதத்தில் அந்தச் சமூகமே இயற்கையின் ஒரு பகுதிபோல, மாற்ற முடியாததுபோல ஆகிவிட்டது. பிரெக்ட்டின் புகார் இதுதான். பொய் காட்டுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை.

கதை எங்கே திரும்புகிறது

‘மதர் கரேஜ்’ நாடகம் 1939இல், பிரெக்ட் ஸ்வீடனில் அகதியாக இருந்தபோது மார்கரேட்டே ஸ்டெஃபினின் துணையோடு எழுதப்பட்டது. ஐரோப்பாவில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த முப்பதாண்டுப் போரின் காலம். 1624 வசந்தத்தில் தொடங்கி 1636 ஜனவரியில் முடிகிறது. அன்னா ஃபீர்லிங் என்ற பெண் படைகளின் பின்னாலேயே வண்டி இழுத்துப்போய் மது, பெல்ட், சட்டை, கோழி என்று எதையும் விற்பவள். ரிகா நகரின்மேல் குண்டு பொழிந்தபோது ஐம்பது ரொட்டிகளோடு அதன் ஊடாக வண்டியை ஓட்டியதால் ‘கரேஜ்’, அதாவது ‘துணிச்சல்காரி’, என்ற பட்டப்பெயர் வந்தது. ரொட்டி பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது, வேறு வழியில்லை என்று அவளே விளக்கம் சொல்கிறாள். வீரப் பெயருக்குப் பின்னால் கெட்டுப்போகும் சரக்கு இருக்கிறது என்று முதல் காட்சியிலேயே வைத்துவிடுகிறார் பிரெக்ட்.

மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஐலிஃப் துணிந்தவன். இளையவன் ‘சுவிஸ் சீஸ்’ நேர்மையானவன். மகள் காத்ரின் பேச முடியாதவள், இரக்கம் நிறைந்தவள். ஒவ்வொரு பிள்ளையும் போகும்போது தாய் எங்கே இருக்கிறாள் என்று கவனித்தால் நாடகத்தின் கட்டுமானம் தெரியும். ஐலிஃப் படையில் சேர்க்கப்படும்போது அவள் ஒரு பெல்ட் பக்கிளை விற்றுக்கொண்டிருக்கிறாள். சுவிஸ் சீஸின் தலைக்கு விலை பேசும்போது அவள் பேரத்தை இழுக்கிறாள். காத்ரின் சுடப்படும்போது அவள் நகருக்குள் சரக்கு வாங்கப் போயிருக்கிறாள்.

பெர்லினில் மாறியவை

சூரிச் அனுபவத்துக்குப் பிறகு பிரெக்ட் பிரதியைத் திருத்தினார். திருத்தங்கள் அளவில் சிறியவை. புதிய உத்தி எதையும் அவர் சேர்க்கவில்லை, அறிவிப்புப் பலகைகளைக் கூட்டவில்லை. கரேஜ் எடுக்கும் சில முடிவுகளைத் திருத்தினார்.

ஐந்தாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். 1631, மாக்டபுர்க் நகரைத் தில்லி என்ற கத்தோலிக்கத் தளபதியின் படை பிடித்துவிட்டது. இடிந்த ஒரு வீட்டின் அருகே வண்டி நிற்கிறது. காயம்பட்ட குடியானவர்களுக்குக் கட்டுப்போடத் துணி வேண்டும். கரேஜிடம் அதிகாரிகளுக்கு விற்கும் விலையுயர்ந்த சட்டைகள் இருக்கின்றன. பழைய பிரதியில் மனமிரங்கி அவளே அந்தச் சட்டைகளைக் கிழித்துத் தருவாள். நல்ல தாய், நல்ல உள்ளம். பெர்லின் பிரதியில் தர மறுக்கிறாள். காத்ரின் ஒரு பலகையைத் தூக்கித் தாயையே அடிக்கப் பாய்கிறாள். வண்டியோடு வரும் பாதிரியார் கரேஜை ஒதுக்கிவிட்டுச் சட்டைகளைப் பறிக்கிறார். துணி கிழிபடக் கிழிபட, போகிறதே என்று அவள் புலம்புகிறாள். காட்சித் தலைப்பும் இதற்கு ஒத்துப்போகிறது: தில்லியின் வெற்றியால் கரேஜுக்கு நான்கு சட்டைகள் நஷ்டம் என்ற பொருளில் ஒரு வரி. ஒரு நகரமே எரிந்த செய்தி ஒரு கணக்குப் புத்தகத்தின் செலவுப் பத்தியில் ஏறுகிறது.

இந்த ஒரு மாற்றம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பழைய வடிவத்தில் கரேஜின் இரக்கத்தோடு நாமும் இரங்கிவிட்டு நிம்மதியாக அடுத்த காட்சிக்குப் போகலாம். புதிய வடிவத்தில் அந்த மேடையில் இரண்டு பெண்கள் இரண்டு விதமாக நடக்கிறார்கள், அதே நெருக்கடியில், அதே வறுமையில். ஆகவே சூழல்மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஒருத்தி தருகிறாள், ஒருத்தி தர மறுக்கிறாள் என்னும்போது ‘ஏன்’ என்ற கேள்வி தானாக எழுகிறது. பிரெக்ட் நடிகர்களிடம் எதிர்பார்த்த ‘இதை அல்ல, அதை’ என்ற முறை இதுதான்: பாத்திரம் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்குள்ளும் அது செய்யாமல் விட்ட காரியமும் தெரியும்படி நடிக்க வேண்டும்.

முதல் காட்சியிலும் இதே கைவேலை. சார்ஜென்ட் பக்கிளைப் பார்க்க வேண்டும் என்று கரேஜை வண்டிக்குப் பின்னால் இழுக்கிறான். விலை பேசுகிறாள். அந்தச் சில நிமிடங்களில் ஆள்சேர்ப்பவன் ஐலிஃபோடு நடையைக் கட்டிவிடுகிறான். பெர்லினில் கரேஜாக நடித்த ஹெலனே வைகல், சார்ஜென்ட் தந்த நாணயத்தை நம்பிக்கையில்லாமல் பல்லால் கடித்துப் பார்த்தார். எத்தனையோ காலம் ஏமாந்தும் ஏமாற்றியும் பழகியவளின் செய்கை அது. அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கடியில் இருக்கிறது. சமூக உறவு ஒன்றை உடலில் தெரியவைக்கும் இத்தகைய செய்கையைத்தான் பிரெக்ட் கெஸ்டுஸ் என்றார். இயற்பண்புவாத நடிகையும் நாணயத்தைக் கடிக்கலாம். அப்போது அது பாத்திரத்துக்கு உயிர்த்துடிப்புத் தரும் ஒரு பழக்கமாக நிற்கும். இங்கே மகன் கைநழுவிப் போகும் அதே நொடியில் அவள் கடிக்கிறாள். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிறோம்.

மேடை, வெளிச்சம், வண்டி

பெர்லின் மேடையை இயற்பண்புவாத மேடையோடு ஒப்பிடும்போது பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பிரெக்ட்டின் மேடை நிஜப் பொருள்களை வெறுத்த மேடை அல்ல. கரேஜின் தோல் பணப்பை, வண்டி, பானைகள், கருவிகள் எல்லாம் கைபட்டுத் தேய்ந்தவையாக, மரம் மரமாகவும் தோல் தோலாகவும் இருந்தன. வேறுபாடு தேர்வில் இருந்தது. அந்துவானின் கசாப்புக்கடையில் இறைச்சி தொங்குவது அது கசாப்புக்கடை என்று நம்பவைக்க. பிரெக்ட்டின் மேடையில் கை படாத பொருளுக்கு இடமில்லை. குடியானவரின் வீடு வேண்டுமென்றால் கதைக்குத் தேவையான பகுதி மட்டும் கட்டப்பட்டது, மீதி வெட்டவெளி.

வெளிச்சம் வெள்ளை. கருவிகள் அனுமதித்த அளவுக்குப் பிரகாசமாக, வண்ணம் கலக்காமல். அந்தி மயக்கம், நிலா ஒளி என்று மேடையில் மனநிலையைப் பரப்பும் எதுவும் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். காட்சிகளுக்கு இடையே இழுக்கப்படும் திரை மேடையின் முழு உயரத்தை மறைக்காத அரைத்திரை. பின்னால் ஆட்கள் பொருள்களை மாற்றுவது உணரக் கிடைக்கும். கதை நடக்கும் நாட்டின் பெயர் பெரிய எழுத்துகளில் மேலே தொங்கியது. இசைக்கலைஞர்கள் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மாடத்தில் இருந்தார்கள். பவுல் டெஸ்ஸாவ் இசையமைத்த பாடல்களில் கதையோட்டத்தோடு நேரடியாகச் சேராதவை வரும்போது, மேலிருந்து ஒரு சின்னம் இறங்கியது: எக்காளம், முரசு, கொடி, ஒளிரும் விளக்குகள். இப்போது கதை நிற்கிறது, பாட்டு வருகிறது என்று ஒளிவுமறைவின்றி அறிவிக்கும் ஏற்பாடு. போர் நீள நீள அந்தச் சின்னமும் சிதைந்துகொண்டு வந்தது.

தலைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் காட்சியின் தலைப்பே கரேஜ் ஒரு மகனை இழக்கிறாள் என்று சொல்லிவிடுகிறது. மூன்றாம் காட்சியின் தலைப்பு, மகளையும் வண்டியையும் அவள் காப்பாற்றிவிடுகிறாள், நேர்மையான மகன் இறக்கிறான் என்கிறது. அடுத்து என்ன ஆகும் என்ற பரபரப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘பையன் பிழைப்பானா’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர் ‘எப்படிச் சாகிறான்’ என்று பார்க்கத் தொடங்குகிறார். மகளும் வண்டியும் ஒரே வரியில் ஒரே தட்டில் வைக்கப்படுவதும் தற்செயல் அல்ல. தலைப்பு முடிவைச் சொல்வதோடு, எதைக் கவனிக்க வேண்டும் என்றும் காட்டுகிறது.

வண்டிதான் இந்த மேடையின் மிகப் பெரிய காரியம் என்பேன். சுழல்மேடை ஒரு பக்கம் சுழல, வண்டி அதற்கு எதிராக உருண்டது. பிள்ளைகள் இழுக்கிறார்கள், சக்கரம் ஓடுகிறது, இடம் மட்டும் மாறவில்லை. தொடக்கத்தில் இரண்டு இளைஞர்கள் இழுத்த வண்டியைக் கடைசியில் ஒருத்தி தனியாக இழுக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளை வசனமே இல்லாமல் சொல்லிவிடும் ஒரு பொருள்.

மூன்றாம் காட்சி: இருநூறு கில்டர்

நுணுகிப் பார்க்க வேண்டிய இடம் இது. சுவிஸ் சீஸ் படைப்பிரிவின் பணப்பெட்டிக்குக் காவலாளி. எதிரிப் படை திடீரென்று வந்து சேர, பெட்டியை ஒளித்துவைக்கப் போய்ப் பிடிபடுகிறான். அவனை விடுவிக்க லஞ்சம் இருநூறு கில்டர். கரேஜிடம் இருப்பது வண்டி மட்டும். ஈவெட் என்ற பெண் தன் புதுக் காதலனான கிழட்டு கர்னலின் பணத்தில் அதை வாங்கத் தயாராக இருக்கிறாள். கரேஜ் விற்கவில்லை, அடமானம் வைக்கிறாள். அவளுடைய கணக்கு எளிது: பையன் வெளியே வந்ததும் பணப்பெட்டியிலிருந்து எடுத்து வண்டியை மீட்டுவிடலாம்.

அப்போது வருகிறது செய்தி: பெட்டியை அவன் ஆற்றில் எறிந்துவிட்டான். இருநூறும் கொடுத்தால் வண்டி நிரந்தரமாகப் போயிற்று. வண்டி இல்லாமல் காத்ரினோடு எப்படிப் பிழைப்பது? நூற்றிருபது தருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறாள். மீதி எண்பதில் ஒரு மூட்டை சரக்கு வாங்கி மறுபடி தொடங்கலாம். ஈவெட் ஓடுகிறாள், திரும்புகிறாள். அந்தத் தொகைக்கு நடக்காது. கரேஜ் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் முழுத் தொகையும் தரச் சம்மதிக்கிறாள். நேரம் கடந்துவிட்டது. பேரம் பேசியதில் நேரம் போய்விட்டதோ என்று அவளே சொல்கிறாள். முரசு ஒலிக்கிறது, ஓய்கிறது.

இந்தக் காட்சியை இயற்பண்புவாத முறையில் நடித்தால் நடிகையின் கவனம் எங்கே போகும்? மகன் சாகப்போகும் தாயின் உள்ளத்துக்குள். நினைவுகள், பதற்றம், உடைந்த குரல். பார்வையாளரும் அந்த உள்ளத்துக்குள் போய் அவளோடு சேர்ந்து காத்திருப்பார். அந்த ஒன்றிப்போதலில் நூற்றிருபது, எண்பது என்ற எண்கள் காதில் விழாமலே போய்விடும். பெர்லினில் எண்கள்தான் முன்னால் நின்றன. கர்னலின் சபலம், ஈவெட்டின் ஓட்டம், கரேஜின் கணக்கு எல்லாம் ஒரு கடைப் பேரத்தின் தெளிவோடு நடந்தன. அவள் தப்பாகக் கணக்குப் போடுகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுடைய நிலையில் எண்பது கில்டர் என்பது மகளின் உயிர். ஒரு பிள்ளையின் விலைக்கு எதிராக இன்னொரு பிள்ளையின் சோற்றை நிறுக்கவைக்கும் தொழில் எது என்பதைப் பார்வையாளர் பார்க்க வேண்டும்.

அதன்பின் வைகல் செய்ததுதான் இருபதாம் நூற்றாண்டு நடிப்பில் அதிகம் பேசப்பட்ட நொடிகளில் ஒன்று. சுட்ட சத்தம் கேட்டதும் தலை பின்னுக்குச் சாய, வாய் முழுதாகத் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த முகம் சிங்கப்பூர் குண்டுவீச்சில் இறந்த மகனின் உடலருகே அமர்ந்திருந்த இந்தியத் தாய் ஒருத்தியின் பத்திரிகைப் படத்திலிருந்து வந்திருக்கலாம் என்று பிரெக்ட் குறித்துவைத்தார்; கேட்டபோது வைகலுக்கே அது நினைவில் இல்லை. நடிகர்கள் பார்த்தவற்றைச் சேமித்துவைக்கும் விதம் இது என்றார் அவர்.

உடலைத் தூக்கிவந்து ‘இவனைத் தெரியுமா’ என்று கேட்கிறார்கள். தெரியும் என்றால் அவளும் காத்ரினும் மாட்டுவார்கள். தலையை அசைத்து மறுக்கிறாள். கேட்பாரற்ற பிணமாக அவனைக் குழியில் எறியச் சொல்கிறார்கள்.

பிரெக்ட் உணர்ச்சிக்கு எதிரி என்று சொல்பவர்கள் இந்த இடத்தை எப்படி விளக்குவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சத்தமில்லாத அந்த அலறலைப் பார்த்து நடுங்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த நடுக்கம் எண்பது கில்டர் பேரத்துக்குப் பின் வருகிறது. அந்தக் கணக்கை மறக்காமல்தான் அழ முடிகிறது.

கூரைமேல் காத்ரின்

பதினோராம் காட்சி காவிய அரங்கின் விதிகளையே மீறுவதுபோல் தோன்றும். படைவீரர்கள் இரவோடு இரவாக ஹாலே நகரைத் தாக்கப் போகிறார்கள். குடியானவர்கள் முழந்தாளிட்டு ஜெபிக்கிறார்கள். நகருக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கேட்டதும் காத்ரின் முரசோடு கூரைமேல் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்குகிறாள். மிரட்டுகிறார்கள், ஆசை காட்டுகிறார்கள், சுடுகிறார்கள். நகரம் விழித்துக்கொள்கிறது. பெர்லினில் ஆங்கெலிகா ஹுர்விட்ஸ் நடித்தார்.

இங்கே பார்வையாளர் காத்ரினோடு ஒன்றிப்போகலாம், அத்தகைய ஆற்றல் தமக்குள்ளும் இருப்பதாக உணர்ந்து மகிழலாம் என்று பிரெக்ட்டே ஒப்புக்கொண்டு எழுதினார். நாடகம் முழுவதும் அப்படி ஒன்ற முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒன்றிப்போதலைத் தடைசெய்வது அவருடைய நோக்கமாக இருந்ததில்லை; எங்கே எவ்வளவு என்பதைத் தன் கையில் வைத்திருந்தார். குடியானவர்களின் ஜெபத்தைச் சம்பிரதாயத் தன்மையோடு, பழகிப்போன சடங்குபோல நடிக்க வைத்தார். எத்தனையோ படையெடுப்புகளில் இதே மாதிரி முழந்தாளிட்டவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்துக்குப் பக்கத்தில் முரசொலி கேட்கும்போது, செய்ய வேறொன்றும் இல்லை என்ற அவர்களுடைய நம்பிக்கை உடைகிறது. ஹில்ஸேயும் காத்ரினும் இருவருமே குண்டடிபட்டுத்தான் சாகிறார்கள். ஒருவர்மேல் குண்டு வந்து விழுகிறது. மற்றவள் ஒரு காரியம் செய்ததற்காகக் குறிபார்த்துச் சுடப்படுகிறாள்.

கடைசிக் காட்சியில் கரேஜ் மகளின் உடலுக்குத் தாலாட்டுப் பாடிவிட்டு, அடக்கம் செய்யக் குடியானவர்களிடம் பணம் தருகிறாள். வைகல் பையிலிருந்து சில நாணயங்களை எடுத்தார், ஒன்றைத் திரும்பப் பைக்குள் போட்டார், மீதியைக் கொடுத்தார். முதல் காட்சியில் நாணயத்தைக் கடித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இருக்க முடியாது.

பெர்லின் பார்த்தது என்ன

மேற்குப் பகுதி சோவியத் முற்றுகையில் இருந்த, போரின் இடிபாடுகள் இன்னும் அள்ளப்படாத நகரம் அது. பிள்ளைகளைப் போரில் இழந்த தாய்மார்கள் அரங்கில் இருந்திருப்பார்கள். நாடகம் பெரும் வெற்றி. அந்த ஆண்டே பெர்லினர் ஆன்சாம்பிள் குழு உருவாக இது வழிவகுத்தது. எதிர்ப்பும் வந்தது. விமர்சகர் ஃபிரிட்ஸ் எர்பன்பெக் இதில் மக்களுக்கு அந்நியமான சீரழிவுப் போக்கைக் கண்டார். நாடகாசிரியர் ஃபிரீட்ரிஷ் வோல்ஃப் நட்போடு ஒரு கேள்வி கேட்டார்: ஆறாம் காட்சியில் போரைச் சபிக்கும் கரேஜ், கடைசியில் ஏதாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டாமா? சபித்த அடுத்த காட்சியிலேயே அவள் வெள்ளி நாணயங்களைக் கழுத்தில் கோத்துக்கொண்டு, போரைக் குறைசொல்ல விடமாட்டேன் என்கிறாளே! பிரெக்ட்டின் பதில்: கரேஜ் எதுவும் கற்காவிட்டாலும், அவளைப் பார்ப்பவர் கற்கலாம்.

இது அவர் விரும்பியபடி நடந்ததா? முழுதாக நடக்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். 1949இலும் அதற்குப் பிறகும் வந்த பார்வையாளர்கள் கரேஜின் தோல்வியையும் துன்பத்தையும் கண்டார்கள், போர் வியாபாரத்தில் அவளுக்கு இருந்த பங்கைக் காணவில்லை என்பது அவருடைய மதிப்பீடு. துன்பம் மட்டும் நல்ல ஆசிரியர் அல்ல என்பது அதிலிருந்து அவர் எடுத்த முடிவு. தன் கோட்பாட்டைக் காப்பாற்ற அவர் பார்வையாளரின் கண்ணீரை மறைக்கவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உத்திகள் எத்தனை கூர்மையாக இருந்தாலும், அரங்குக்குள் வருபவர் கொண்டுவரும் காயத்தை அவை அழித்துவிடாது.

இந்த நாடகத்தை எடுக்க நினைக்கும் குழுக்களுக்கு ஒத்திகையிலேயே உதவக்கூடிய ஒன்றைச் சொல்லலாம். பிரெக்ட் நடிகர்களுக்குத் தந்த பயிற்சிகள் மூன்று: வசனத்தைப் படர்க்கையில் சொல்வது, இறந்தகாலத்தில் சொல்வது, மேடைக் குறிப்புகளையும் வாய்விட்டுச் சொல்வது. மூன்றாம் காட்சியில் கரேஜாக நடிப்பவர் ‘நூற்றிருபது தருகிறேன் என்று அவள் சொன்னாள், பிறகு உட்கார்ந்தாள்’ என்று சொல்லிப் பார்க்கட்டும். சாலை விபத்தைப் பார்த்த ஒருவர் அது எப்படி நடந்தது என்று கூடியவர்களுக்குச் செய்துகாட்டும் நிலைக்கு நடிகர் வந்துவிடுவார். பிரெக்ட்டே தன் அரங்குக்கு அடிப்படை மாதிரியாகக் காட்டிய நிலை அது. அந்தச் சாட்சி வண்டி ஓட்டியவராகவே மாறத் தேவையில்லை. எந்த இடத்தில் பிரேக் போட்டிருக்கலாம் என்று காட்டினால் போதும். பிறகு தன்மைக்குத் திரும்பி நடிக்கும்போது அந்தச் சிறு இடைவெளி உடலில் தங்கியிருக்கும். இதைச் செய்யாமல் பலகைகளை மட்டும் தொங்கவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

பெர்லின் மேடையேற்றம் ரூத் பெர்லாவ் எடுத்த புகைப்படங்களோடு ஒரு மாதிரிப் புத்தகமாகத் தொகுக்கப்பட்டது. மற்ற அரங்குகள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று பிரெக்ட் கேட்டுக்கொண்டது கலைஞரின் சுதந்திரத்தில் கைவைப்பதாகப் பலருக்குப் பட்டது. 1950 அக்டோபரில் மியூனிக் காமர்ஷ்பீலே அரங்கில் அவரே அந்த மாதிரியை வைத்து மறுபடி இயக்கினார். கரேஜாக நடித்தவர் தெரேசே கீஸே, 1941இல் சூரிச்சை அழவைத்த அதே நடிகை. பெர்லினில் வகுத்த நிலைகளையும் அசைவுகளையும் எடுத்துக்கொண்டு, வைகலின் கரேஜிலிருந்து வேறுபட்ட, தன்னுடைய கரேஜை அவர் நடித்தார். ஒரு பெரிய நடிகை மாதிரியைப் பயன்படுத்திக்கொண்டே தனக்கேயுரிய பாத்திரத்தை எப்படி உருவாக்க முடியும் என்பதற்கு அவரைத்தான் பிரெக்ட் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.